அந்தச் சிரிப்பு எள்ளல் அன்று

கொலையையும் ஹாஸ்யத்தையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் அமெரிக்கக் குற்றப் படங்களைப் பற்றி, அவற்றைப் பார்த்தவர்களும் பாராதவர்களும் ஒருங்கே ஒப்புக்கொண்டுவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. அவற்றின் கவர்ச்சியெல்லாம் மனிதரை இகழ்வதில் இருக்கிறது என்பதும், ஒருவன் தன் மூடத்தனத்தால் தடுக்கி விழுந்து இரத்தத்தில் புரளும்போது, அரங்கின் இருட்டில் பத்திரமாகச் சாய்ந்துகொண்டு, 'நல்லவேளை, நான் இவனைப்போல் இல்லை' என்று மகிழும் குரூரமே அந்த ரசனைக்கு வேர் என்பதும் அதன் சாரம். ஒழுக்கத்தில் பற்றுள்ளவர்கள் இதைச் சொல்லிப் படத்தை நிந்திக்கிறார்கள். அதே படத்தைப் பத்து முறை பார்த்துப் பரவசப்படும் ரசிகர்களில் பெரும்பாலோரும் இதையே சொல்லித்தான் புகழ்கிறார்கள். 'எவ்வளவு நிர்த்தாட்சண்யமான படம், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை' என்பது அவர்கள் பாடும் ஸ்தோத்திரம். நிந்திப்பவரும் துதிப்பவரும் ஒரே பிழையை இருவேறு குரலில் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. அதை நிறுவ, 1996-இல் வெளிவந்த 'ஃபார்கோ' என்ற ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் இந்தப் பழியும் இந்தப் புகழும் மற்றெந்தப் படத்தின் தலையிலும் இவ்வளவு கனமாக ஏறியதில்லை.

படத்தைச் சிருஷ்டித்தவர்கள் ஜோயல் கோயன், ஈதன் கோயன் என்ற சகோதரர்கள். கதை சுருக்கமானது. மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரில், மாமனாருக்குச் சொந்தமான கார் விற்பனை நிலையத்தில் நிர்வாகியாக உத்தியோகம் பார்க்கும் ஜெர்ரி லண்டிகார்ட் என்பவன், இல்லாத கார்களை இருப்பதாகக் காட்டி 3,20,000 டாலர் கடன் வாங்கியிருக்கிறான். ஏதோ ஒரு பண நெருக்கடி, இன்னதென்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அதிலிருந்து மீளும் உபாயமாக, தன் மனைவியைத் தானே ஆள் வைத்துக் கடத்தச் செய்து, செல்வந்தரான மாமனாரிடம் மீட்புத் தொகை கறந்து, அதில் பெரும் பங்கைத் தான் வைத்துக்கொள்ளத் திட்டமிடுகிறான். அமர்த்தப்பட்ட இரண்டு முரடர்களில் ஒருவன் பிரெய்னெர்ட் என்ற சிற்றூரின் அருகே, நள்ளிரவு நெடுஞ்சாலையில், ஒரு போலீஸ்காரரையும், அவ்வழியே காரில் வந்து அதைக் காண நேர்ந்த ஓர் ஆணையும் பெண்ணையும் சுட்டுக் கொல்கிறான். அவ்வூர்ப் போலீஸ் தலைவி மார்ஜ் கண்டர்சன், ஏழு மாத கர்ப்பிணி, துப்புத் துலக்கப் புறப்படுகிறாள். கதை முடிவதற்குள் ஏழு பேர் மாண்டுவிடுகிறார்கள். படத்தின் பெயராக அமைந்த ஃபார்கோ நகரம், ஜெர்ரி அந்த முரடர்களைச் சந்திக்கும் முதற் காட்சியோடு சரி; பிறகு அங்கே எவரும் போவதில்லை.

இந்த ஏழு சாவுகளுக்கு நடுவே நாம் சிரிக்கிறோம் என்பதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் பொய் சொன்னவனாவேன். எந்தச் சிரிப்பு அது என்பதே விவகாரம். சிரிப்பு என்றால் ஒரே சரக்கு என்றும், ஒருவனைப் பார்த்து இன்னொருவன் சிரித்தால் அது பரிகாசம்தான் என்றும் எண்ணுகிறவர்கள், நம் தொல்காப்பியர் இந்த விஷயத்தில் எவ்வளவு நுட்பமாகப் பகுத்தார் என்பதைச் சற்று நினைவுகூர வேண்டும். மெய்ப்பாட்டியலில் அவர் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அந்த நால்வகையில் ஒன்றே ஒன்றுதான் இகழ்ச்சியிலிருந்து பிறக்கும் நகை. குழந்தைத்தனத்தைக் கண்டு எழுவது வேறு; அறியாமையைக் கண்டு எழுவது வேறு; மடனோ, தான் கொண்டதை விடாமல் பற்றிக்கொண்டு திண்டாடும் இயல்பு என்று உரைகாரர் விளக்குவர், அதைக் கண்டு எழும் நகை இன்னும் வேறு. பின்னைய மூன்றும் நம்மை அந்த மனிதனுக்கு மேலே தூக்கி வைப்பதில்லை. பெரும்பாலும் அவன் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகின்றன. ஃபார்கோவின் சிரிப்பு இந்தப் பின்னைய மூன்றைச் சேர்ந்தது. எள்ளலுக்கு அங்கே இடமில்லை என்று சொல்லமாட்டேன். இடம் உண்டு, ஆனால் அது எங்கே, யார் வாயில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு திரைப்படச் சங்கத்தின் சிறிய அரங்கில் இந்தப் படத்தை இரண்டாம் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடத்தப்பட்ட மனைவி ஜீனை, ஏரிக்கரையில் உள்ள ஒரு மரவீட்டுக்குக் கொண்டுவந்து காரிலிருந்து இறக்குகிறார்கள். தலைமுழுவதும் துணியால் மூடப்பட்டு, கைகள் கட்டப்பட்டிருக்கும் அந்த அபலை, கண் தெரியாமலே தப்பி ஓட முயல்கிறாள். பனியில் இங்கும் அங்கும் தடுமாறுகிறாள், சறுக்குகிறாள், விழுகிறாள். முரடர்களில் ஒருவனான கார்ல் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அரங்கிலும் சிலர் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த நடுவயது அம்மையார் ஒருவர் மட்டும் கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். படம் முடிந்து வெளியே வந்தபோது, சிரித்தவர்களில் ஒருவராகிய என் நண்பர், 'பார்த்தீரா, மனிதர்களைப் பூச்சிகளைப்போலக் காட்டுகிறார்கள், அதுதான் இவர்கள் சாமர்த்தியம்' என்றார். நான் அன்று பதில் சொல்லவில்லை, தோன்றவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தக் காட்சியின் அமைப்பு எனக்கு விளங்கிற்று. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு மனிதனைச் சட்டத்துக்குள்ளேயே நிறுத்தியிருக்கிறார்கள். கேமரா அவளோடு சேர்ந்து துள்ளுவதில்லை, வேடிக்கைக்கு ஏற்ற சங்கீதமும் இல்லை. வெள்ளைப் பனியும், துணிக்குள்ளிருந்து வரும் மூச்சிரைப்பும், அவன் சிரிப்புமே இருக்கின்றன. எள்ளல் நகை இன்னதென்று பிரத்தியட்சமாகக் காட்டி, அதை ஒரு கூலிக் கொலைகாரனின் வாயில் வைத்துவிட்ட பிறகு, அவனோடு சேர்ந்து சிரிப்பதும் சிரியாமலிருப்பதும் பார்ப்பவன் பொறுப்பு. இப்படி ஒரு காட்சியை அமைத்தவர்களைப் பார்த்து, மனிதரை இகழ்வதே அவர்கள் தொழில் என்று சொல்வது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இனி, நாம் உண்மையாகவே சிரிக்கும் ஒரு காட்சி. வண்டி நிறுத்துமிடம் ஒன்றை ஏற்படுத்தும் யோசனையோடு, அதற்கு வேண்டிய 7,50,000 டாலரை மாமனார் தன் கையில் கொடுப்பார் என்ற நம்பிக்கையில் அவருடைய காரியாலயத்துக்குப் போகிறான் ஜெர்ரி. அவரோ, யோசனையை எடுத்துக்கொண்டு, அவனுக்குத் தரகுபோல ஒரு சிறு தொகை தருவதாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அவன் வெளியே வருகிறான். ஏறக்குறைய காலியாகக் கிடக்கும், பனி மூடிய ஒரு பெரிய வெளியில் அவன் கார் தனித்து நிற்பதை மிக உயரத்திலிருந்து காண்கிறோம். காரின் முன்கண்ணாடியில் பனி கல்லாக உறைந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் சுரண்டியை எடுத்துச் சுரண்டத் தொடங்குகிறான். திடீரென்று அவனுக்குள் ஏதோ அறுந்துபோகிறது. கையும் காலும் உதறி, கண்ணாடியை அடித்து, சுரண்டியை வீசி எறிந்து ஆவேசம் கொள்கிறான். பிறகு மூச்சு வாங்க ஒரு கணம் நிற்கிறான். குனிந்து அந்தச் சுரண்டியைத் தானே பொறுக்கிக்கொள்கிறான். மறுபடியும் சுரண்டுகிறான்.

அந்த இடத்தில் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் இகழ்ச்சி எங்கே இருக்கிறது? கடன்காரன் வாசலில் அவமானப்பட்டு வந்த அன்றும் வீட்டுக்குத் திரும்ப வண்டியை நாம்தான் தள்ளிக் கிளப்ப வேண்டும் என்ற லௌகிக நியதியை அனுபவிக்காத சம்சாரி எவன்? எவ்வளவு பெரிய கோபமும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாமல், கண்ணாடியில் உறைந்த பனிக்குத் தலைகுனிந்துவிடுகிறது. ஜெர்ரியாக நடித்த வில்லியம் எச். மேசி அந்த முகத்தை ஆக்கியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள்: அடிபட்ட நாயின் கண்களும், வாடிக்கையாளருக்காகப் பழகிப் பழகி அழிக்க முடியாமற்போன புன்னகையும். இந்த மனிதன் தன் மனைவியையே பணயம் வைத்த பாதகன் என்பதைப் படம் ஒரு கணமும் மறக்கவிடுவதில்லை. ஆயினும் அவனை நம் இனத்திலிருந்து விலக்கி வைக்கவும் அது சம்மதிப்பதில்லை. இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினமான கலை என்பதை, வில்லனை வில்லனாகவே பிறக்கவைக்கும் நூறு படங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் அறிவார்கள்.

பேதைமையின் உச்சம் பணக் கணக்கில் இருக்கிறது. கேட்கப்போகும் தொகை 80,000 டாலர், அதில் பாதி உங்களுக்கு என்று முரடர்களிடம் சொல்லியிருக்கிறான் ஜெர்ரி. மாமனாரிடமோ கேட்கப்படும் தொகை 10 லட்சம் என்கிறான். நடுவில் உள்ள பள்ளம் அவனுடைய சொர்க்கம். பணப்பெட்டி கார்லின் கைக்கு வந்து சேர்கிறது. மாமனாரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அவர் சுட்ட குண்டு தாடையைக் கிழித்துச் சென்ற நிலையில், நெடுஞ்சாலை ஓரமாகப் பெட்டியைத் திறந்து பார்த்து அவன் திகைத்துப்போகிறான். 80,000-ஐ எடுத்துக்கொண்டு, மீதி 9,20,000 டாலரையும், இரு திசையிலும் அடிவானம்வரை ஒரே மாதிரியாக ஓடும் ஒரு முள்கம்பி வேலியின் ஓரத்தில், பனிக்குள் புதைக்கிறான். அடையாளத்துக்காக ஒரு சிறு பனிசுரண்டியை நட்டுவைக்கிறான். இடப்பக்கம் பார்க்கிறான், வலப்பக்கம் பார்க்கிறான். எல்லாக் கம்பமும் ஒன்றுபோல் இருக்கின்றன. பிறகு மரவீட்டுக்குத் திரும்பி வந்து, கூட்டாளியோடு தாங்கள் வந்த காரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று வாதாடுகிறான். காரின் பாதி விலையைக் கொடுத்துத் தீர்த்துவிட்டிருந்தால், அந்த வேலி ஓரத்துப் புதையல் முழுவதும் அவனுடையது. கொடுக்க மனம் வரவில்லை. கோடரியால் வெட்டுண்டு சாகிறான். ஏரிக்கரையில் கண் தெரியாத பெண்ணைப் பார்த்துச் சிரித்தானே, அதே கார்ல்.

உரைகாரர் சொன்ன மடன் இதுதான், பற்றியதை விடமாட்டாமை. இந்தக் கணக்கை நினைத்து நினைத்து நான் சிரித்திருக்கிறேன். சிரிப்பு அடங்கிய பிறகு, சொத்துப் பாகப்பிரிவினையில் ஒரு முழ நிலத்துக்காக உடன்பிறந்தான் முகத்தில் விழிக்காமல் இறந்துபோன எத்தனையோ பேர் ஞாபகத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த இயந்திரத்துக்கு வருகிறேன். ஃபார்கோ என்றவுடன் பலருக்கு நினைவில் நிற்பது, மரக்கிளைகளைத் தூளாக்கும் இயந்திரத்துக்குள் கார்லின் உடலை அவன் கூட்டாளி கேயர் திணித்துக்கொண்டிருக்கும் காட்சி. ஃபார்கோ நகரத்துச் சுற்றுலா வரவேற்பு நிலையத்தில் அந்த இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பொம்மைக் காலைச் செருகிப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் படத்தின் சுவையை அந்தப் புகைப்படத்தில் தேடுவது தவறு. அந்தக் காட்சியை யாருடைய கண்வழியே பார்க்கிறோம்? துப்பாக்கியை நீட்டியபடி, பெரிய வயிற்றோடு, பனியில் ஒவ்வொரு அடியாக வைத்து வரும் ஒரு கர்ப்பிணியின் கண்வழியே. இயந்திரத்தின் இரைச்சலில் அவள் கூப்பிடுவது அவன் காதில் விழவில்லை. அவன் திரும்பிப் பார்த்த பிறகும் இரைச்சல் ஓயாததால், தொப்பியில் உள்ள போலீஸ் முத்திரையைக் கையால் சுட்டிக்காட்டுகிறாள். எவ்வளவு எளிய செய்கை! பீபத்சத்தின் நடுமையத்தில் நின்றுகொண்டு ஓர் உத்தியோகஸ்தி, தான் யார் என்பதை முறையாகத் தெரிவிக்கிறாள். அந்த மரியாதையைக் கண்டு நமக்கு வாய் மலர்கிறது. வெட்டுண்ட காலைக் கண்டு அன்று.

கொலையை வேடிக்கையாக்கும் படங்கள் இல்லவே இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. 1994-இல் கான் விழாவின் பெரும் பரிசைப் பெற்ற 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தில், ஓடும் காருக்குள் ஓர் இளைஞன் தவறுதலாகச் சுடப்பட்டு இறக்கிறான். அதன்பின் படத்தின் கவலையெல்லாம் அந்த இரத்தத்தைக் கழுவுவது எப்படி என்பதைப் பற்றியது. பலவகையில் சாமர்த்தியமான அந்தப் படத்தில் அந்தப் பையன் யார் பெற்ற பிள்ளை என்று ஒருவரும் நினைப்பதில்லை. அந்த வெற்றியைத் தொடர்ந்து வந்த போலிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். நிந்திப்பவர்கள் எழுப்பும் குற்றச்சாட்டு அங்கே நியாயமாகப் பொருந்தும். ஃபார்கோவையும் அதே கூடையில் போடுவதற்குத்தான் நான் தடை சொல்கிறேன். நெடுஞ்சாலைக் கொலைகளுக்கு மறுநாள் காலையில் மார்ஜ் அந்த இடத்துக்கு வருகிறாள். காலடித் தடங்களைப் படித்து, ஒருவன் பெரிய உருவம், மற்றவன் சிறிய உருவம், இவ்விதம் நடந்திருக்கும் என்று நிதானமாகச் சொல்கிறாள். பனியில் கிடக்கும் போலீஸ்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்ல மனிதராகத் தெரிகிறாரே, பாவம் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறாள். அந்த ஒரு வார்த்தையால் அவர் பிணம் என்ற நிலையிலிருந்து மீண்டு ஒரு மனிதர் ஆகிறார்.

பேச்சு வழக்கைக் கேலி செய்தார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. மினசோட்டாக்காரர்களில் சிலரே இதனால் மனம் புண்பட்டார்கள். ஸ்வீடன், நார்வே முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் சாயல் படிந்த அந்த இழுப்பும், மூச்சுக்கு ஒரு தரம் வரும் 'யா'வும், எதற்கும் முகம் சுளிக்காத உபசாரமும் படத்தில் சற்று மிகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. முதலாவது, கோயன் சகோதரர்கள் மினியாபொலிஸை ஒட்டிய செயின்ட் லூயிஸ் பார்க் என்ற புறநகரில் வளர்ந்தவர்கள். தன் ஊர்ப் பேச்சைத் தான் பேசிக் காட்டிச் சிரிப்பவன் அந்நியன் ஆகமாட்டான். திருநெல்வேலிக்காரர் ஒருவர் தம் ஊர்ப் பேச்சை எழுதினால் அதை நாம் இகழ்ச்சி என்று கொள்கிறோமா? இரண்டாவது, அந்த 'யா' யார் வாயில் மிகுதியாக வருகிறது? மார்ஜின் வாயில். படத்திலேயே விவேகம் மிகுந்தவளும், தைரியம் மிகுந்தவளும், கருணை மிகுந்தவளும் அவளே. ஊர்ப்பேச்சு மூடத்தனத்தின் அடையாளமாக இருக்குமானால், அதை அவளுக்குக் கொடுத்திருப்பார்களா?

ஆனால் அந்த உபசாரத்தின் மறுபக்கத்தையும் படம் காட்டுகிறது. ஜெர்ரி பொய் சொல்வதெல்லாம் அதே இனிய மொழியில்தான். காரின் அடிப்பாகத்துக்குப் பூசும் மேற்பூச்சு வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிட்ட ஒரு வாடிக்கையாளரிடம் அதற்கும் சேர்த்து விலை கேட்கிறான். அவர் சண்டை பிடிக்க, மேலதிகாரியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், பக்கத்து அறையில் ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பி வந்து, 100 டாலர் குறைத்திருப்பதாக அறிவிக்கிறான். அந்த வாடிக்கையாளர் கோபத்தால் வாய் குழறி, வாழ்நாளில் அதிகம் பேசியிராத ஒரு வசைச்சொல்லை உச்சரித்துவிட்டுத் தாமே கூசிப்போகிறார். மரியாதையே சுபாவமாகிவிட்ட ஒரு சமூகத்தில், பொய்யனை எதிர்ப்பதற்கு வேண்டிய மொழிகூட நல்லவர்கள் கையில் இல்லை.

இந்த இடத்தில் மைக் யனகிட்டா என்ற பாத்திரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். விசாரணைக்காக மினியாபொலிஸ் வரும் மார்ஜ், பள்ளிக்கூடத்தில் உடன் படித்த இவனை ஓர் ஓட்டலில் சந்திக்கிறாள். அவன் அளவுக்கு மீறி நெருங்கி உட்கார வருகிறான். எதிரே உட்காரும்படி அவள் நயமாகச் சொல்லித் திருப்புகிறாள். தன் மனைவி இறந்துபோன கதையைச் சொல்லித் தேம்பி அழுகிறான். இந்தக் காட்சிக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை, கோணங்கியான ஒரு மனிதனைக் காட்டிச் சிரிக்கவைப்பதற்காகச் சேர்த்தார்கள் என்று சொல்லாதவர் அபூர்வம். மறுநாள் வேறொரு தோழி தொலைபேசியில் சொல்கிறாள்: அவன் குறிப்பிட்ட பெண்ணை அவன் மணந்ததே இல்லை, அவளைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தவன், அவள் உயிரோடுதான் இருக்கிறாள். மார்ஜ் ஒரு கணம் பேச்சற்றுப்போகிறாள். அவ்வளவு கண்ணீர்விட்டு ஒருவன் பொய் சொல்ல முடியும் என்பது அவள் உலகத்தில் இதுவரை இல்லாத செய்தி. அதன்பிறகே காரைத் திருப்பி, முந்தின விசாரணையில் சிரித்த முகத்தோடு தன்னை அனுப்பிவைத்த ஜெர்ரியிடம் மீண்டும் போகிறாள். அவன் குட்டு உடைகிறது. துப்பறியும் கதையில் துப்பு என்பது ஒரு பொத்தானாகவோ சிகரெட் துண்டாகவோ இருப்பது வழக்கம். இங்கே துப்பு ஒரு மனிதனின் தனிமை. அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டவர்கள் கதையின் திறவுகோலையே கைநழுவ விட்டவர்கள்.

படத்தின் முகப்பில் வரும் எழுத்துகளையும் நிந்திக்கும் கட்சிக்காரர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். இது 1987-இல் மினசோட்டாவில் நடந்த உண்மைச் சம்பவம் என்றும், உயிரோடு இருப்பவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை மாற்றியிருப்பதாகவும், இறந்தவர்களிடம் உள்ள மரியாதையால் மற்றவற்றை நடந்தபடியே சொல்வதாகவும் அது அறிவிக்கிறது. அப்படி ஒரு சம்பவம் நடக்கவில்லை. பாத்திரங்கள் கற்பனை என்பதைப் படத்தின் இறுதியில் ஓடும் எழுத்துகளே ஒப்புக்கொள்கின்றன. பார்வையாளரை ஏமாற்றிக் கைகொட்டும் திமிர் இது என்கிறார்கள். எனக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. இறந்தவர்களிடம் மரியாதை என்ற சொல்லைப் படித்துவிட்டு உள்ளே நுழைகிறவன், துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவனைப்போலக் கொஞ்சம் தாழ்ந்த குரலோடுதான் நுழைகிறான். கார்ட்டர் பர்வெலின் சங்கீதமும் உடனே அந்தக் குரலைப் பிடித்துக்கொள்கிறது. தொலைந்துபோன ஓர் ஆட்டைப் பற்றிய நார்வேஜிய நாட்டுப் பாடலின் மெட்டை அவர் எடுத்தாண்டிருக்கிறார். கண்ணுக்கு எல்லையே தெரியாத வெண்மைக்குள்ளிருந்து, இன்னொரு காரை இழுத்துக்கொண்டு ஒரு கார் மெல்ல மெல்ல உருப்பெற்று வரும்போது எழும் அந்தப் பிடிலின் அழுகையைக் கேட்ட பிறகும் இது பரிகாசப் படம் என்று ஒருவர் சொன்னால், அவர் காதை வீட்டில் விட்டுவிட்டு வந்தார் என்றுதான் நான் நினைப்பேன்.

இத்தனைக்கும் மேலாக மார்ஜ் இருக்கிறாள். படம் தொடங்கி அரை மணி நேரம் ஆன பிறகுதான் அவள் வருகிறாள். கொலைகள் நடந்து முடிந்த அந்தக் கொடிய இரவிலிருந்து நேரே, வாத்துப் படங்களும் தூரிகைகளும் கிடக்கும் ஓர் அறைக்குள், ஒரு தம்பதி உறங்கும் கட்டிலுக்கு நம்மை அழைத்துப் போகிறார்கள். தொலைபேசி மணி அடிக்கிறது. விடியாத அந்த வேளையில் அவள் புறப்பட, அவளுடைய கணவன் நார்ம் தூக்கம் கலையாத கண்களோடு எழுந்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று முட்டை சமைத்துக் கொடுக்கிறான். வெளியே போனவள் திரும்பி வருகிறாள்: போலீஸ் காரின் பாட்டரி குளிரில் செத்துக் கிடக்கிறது, அவன் வந்து மின்கம்பி இணைத்துக் கிளப்ப வேண்டும். மூன்று பிணங்கள் காத்திருக்கும் காலையில் இந்த முட்டைக்கும் இந்தப் பாட்டரிக்கும் இவ்வளவு நேரம் ஒதுக்கிய ஒரு படத்தை மனித துவேஷம் என்று எந்த நியாயத்தால் சொல்வது? மார்ஜாக நடித்த ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. படத்தின் திரைக்கதைக்கும் கிடைத்தது. 2006-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, பாதுகாக்கப்பட வேண்டிய அமெரிக்கப் படங்களின் தேசியப் பட்டியலிலும் அது இடம் பெற்றது. பரிசுகளை நான் பெரிய பிரமாணமாகக் கருதுகிறவன் அல்லேன். ஆயினும் நிர்த்தாட்சண்யத்தையே புகழ்கிற ரசிகர்கள், அவர்கள் கொண்டாடும் படத்தின் நடுவே இப்படி ஓர் அன்புள்ளவளை வைத்துச் செய்ததை ஏனோ பேசுவதே இல்லை.

கேயரைக் கைது செய்து காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு போகிறாள் அவள். இறந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறாள். எதற்காக, கொஞ்சம் பணத்துக்காக என்கிறாள். வாழ்க்கையில் பணத்தைவிட வேறு விஷயங்களும் இருக்கின்றன, இது உனக்குத் தெரியாதா என்று கேட்கிறாள். இன்று எவ்வளவு அழகான நாள் என்கிறாள். தனக்கு ஒன்றும் புரியவில்லை என்று முடிக்கிறாள். கம்பிவலைக்கு அப்பால் அவன் வாய் திறப்பதில்லை. இந்தப் பேச்சைப் பாமரத்தனம் என்று சிரித்தவர்களை நான் அறிவேன். உபதேசமாக நினைத்தால் அது சாதாரணந்தான். ஆனால் அவள் உபதேசிக்கவில்லை. வயிற்றில் ஒரு ஜீவனைச் சுமந்துகொண்டு, அந்த ஜீவன் பிறந்து வரப்போகும் உலகத்தில் இப்படியும் ஒருவன் இருக்கிறானே என்று உண்மையாகவே திகைத்துப் போய்க் கேட்கிறாள். வெளியே அவள் அழகு என்று சொன்ன அந்த நாள் சாம்பல் நிறமாக, பனி பொழிந்துகொண்டு இருக்கிறது. அதையும் அவள் மனமாரத்தான் சொன்னாள்.

கடைசிக் காட்சியில் மறுபடியும் அதே கட்டில், அதே போர்வை. நார்ம் தீட்டிய காட்டு வாத்து தபால் தலைக்குத் தேர்வாகிவிட்டது. ஆனால் 29 சென்ட் தலைக்கு வேறொருவர் படம் எடுபட்டு, இவன் படம் மூன்று சென்ட் தலைக்குப் போய்விட்டது. மூன்று சென்ட் தலையை யார் வாங்கப் போகிறார்கள் என்று அவன் முகம் வாடுகிறான். கட்டணம் உயரும்போதெல்லாம், கையில் பழைய தலைகளை வைத்திருப்பவர்களுக்குச் சிறிய தலைகள்தானே தேவைப்படும் என்கிறாள் மார்ஜ். அவன் யோசித்துப் பார்க்கிறான்; சமாதானம் ஆகிவிடுகிறான். இன்னும் இரண்டு மாதம் என்று இருவரும் வரப்போகும் குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சங்கத்து அரங்கில் இந்த இடத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு எழுந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்த அம்மையார் சிரித்தார். நானும் சிரித்தேன்.